மாவட்டப் பண்பலைகளில் உள்ளூர்க் குரல் எங்கே போனது?

கேள்வி: எங்கள் ஊர் தனியார் எஃப்.எம்.மில் சில வருடங்களுக்கு முன்புவரை காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை எங்கள் ஊர்ப் பேச்சில் பேசும் ஆர்.ஜே.க்கள் இருந்தார்கள். இப்போது காலையில் ஒருவர் மட்டும். அதன் பிறகு சென்னைக் குரல், அல்லது பாட்டுக்கு மேல் பாட்டு. ஆகாசவாணியிலும் உள்ளூர் நிகழ்ச்சிகள் குறைந்த மாதிரி இருக்கிறது. ஏன் இப்படி ஆனது? என் தங்கை விஸ்காம் முடித்துவிட்டு ரேடியோவுக்குத்தான் போவேன் என்கிறாள். அனுப்பலாமா?

பதில்: கல்லூரி முடித்த கையோடு ஆகாசவாணியில் இரண்டு வருடம் கேஷுவல் அறிவிப்பாளராக, அதாவது தேவைப்படும் நாளுக்கு மட்டும் கூப்பிடப்படும் நிரந்தரமில்லாத அறிவிப்பாளராக இருந்தேன். பிறகு தனியார் பண்பலைகளில் ஆர்.ஜே., தயாரிப்பாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று பதினைந்து வருடம். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது நான் நேரில் பார்த்து வருத்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"நேயர்களுக்குப் பேச்சு அலுத்துவிட்டது, பாட்டுத்தான் வேண்டும் என்கிறார்கள், அதனால் வடிவத்தை மாற்றினோம்." நிலையங்களில் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். நான் உள்ளே இருந்து பார்த்த வரிசை வேறு. முதலில் ஆளைக் குறைத்தார்கள். ஆள் இல்லாத மணி நேரங்களை நிரப்பப் பாட்டு வந்தது, வேறு ஊர்க் குரல் வந்தது. அப்படி அமைந்துபோன வடிவத்துக்குப் பிறகுதான் ஒரு புதுப் பெயரும் ஜிங்கிளும் செய்தார்கள்.

2007, 2008 வாக்கில் ஒரு மாவட்டத் தலைநகரப் பண்பலை எப்படி இருந்தது என்று சொன்னால் இது புரியும். ஐந்து அல்லது ஆறு ஆர்.ஜே.க்கள். காலை நிகழ்ச்சிக்கும் மாலை நிகழ்ச்சிக்கும் தனித்தனித் தயாரிப்பாளர்கள். விளம்பரமும் ப்ரோமோவும் எழுத ஒருவர், அவற்றைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டச் சவுண்ட் இன்ஜினியர் ஒருவர் அல்லது இருவர். எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று லாக் போடுபவருக்கு எங்கள் மொழியில் ட்ராஃபிக். பாட்டுப் பட்டியல் போடுபவர், ஒலிபரப்பிக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர், விளம்பரம் பிடிக்கும் நான்கைந்து பேர், எல்லாருக்கும் மேலே ஸ்டேஷன் ஹெட். எப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய இருபது பேர். அவர்களில் பெரும்பாலோர் அதே மாவட்டத்துக்காரர்கள். சந்தை எந்தக் கிழமை கூடும், எந்தப் பள்ளி வாசலில் சாயங்காலம் நெரிசல், எந்தக் குளம் முதலில் நிரம்பும் என்பதையெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பாட்டுக்கு நடுவில் ஆர்.ஜே. பேசுவதை லிங்க் என்போம். ஒரு மணி நேரத்தில் நான்கு அல்லது ஐந்து லிங்க். நான்கு மணி நேர நிகழ்ச்சியில் ஒருவர் உண்மையில் பேசும் நேரத்தைக் கூட்டினால் அரை மணி நேரத்தைத் தாண்டுவதே அபூர்வம். மற்ற நேரமெல்லாம் அவர் என்ன செய்வார்? போன் எடுப்பார். வாட்ஸ்அப் வந்த பிறகு அதைப் பார்ப்பார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, மேம்பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, எல்லாரையும் பைபாஸ் வழியாகப் போகச் சொல்லுங்கள் என்பார். அடுத்த லிங்க்கில் அது காற்றில் போய்விடும். எழுதி வைத்த லிங்க்கைத் தள்ளிவிட்டு அதைச் சொல்லலாம் என்று முடிவெடுக்கும் உரிமை அந்த நாற்காலியில் இருப்பவருக்கு உண்டு. உள்ளூர் வானொலி என்று நான் சொல்வது அந்த உரிமையைத்தான். கோபுரம் எங்கே நிற்கிறது, பெயருக்குப் பின்னால் எந்த ஊர் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

கணக்குப் பார்ப்பவரின் கண்ணுக்கு அந்த அரை மணி நேரப் பேச்சு மட்டுமே தெரியும். அரை மணி நேரம் பேச எதற்கு நான்கு மணி நேரச் சம்பளம்? இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் வாய்ஸ் ட்ராக். லிங்க்குகளை மட்டும் முன்கூட்டியே பதிவுசெய்து கணினியில் ஏற்றிவிட்டால், மென்பொருளே பாட்டையும் விளம்பரத்தையும் பேச்சையும் வரிசையாக ஓட்டிவிடும். நான்கு மணி நேர நிகழ்ச்சியை முக்கால் மணி நேரத்தில் முடிக்கலாம். ஒரே ஆள் காலையில் நேரலை செய்துவிட்டு, மதிய நிகழ்ச்சியையும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியையும் பதிவுசெய்து வைத்துவிட்டுப் போகலாம். அடுத்த கட்டம், சென்னையில் ஒருவர் பதிவுசெய்வதை ஏழெட்டு ஊர்களுக்கு அனுப்புவது. ஊர்ப் பெயரை மட்டும் தனித்தனியாகச் சொல்லி அந்தந்த ஊர்க் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். "வணக்கம் சேலம்" என்று ஒரு முறை, "வணக்கம் திருச்சி" என்று இன்னொரு முறை. அடுத்து வரும் பேச்சு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

இதைக் காதால் கண்டுபிடிக்கலாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். நேரலையில் இருப்பவர் மணி சொல்வார், சரியான நிமிடத்தோடு சொல்வார். பதிவில் "இந்த அழகான மாலைப் பொழுதில்" என்று பொதுவாக வரும். வெளியே மழை கொட்டும்போது அவர் வெயிலைப் பற்றிப் பேசினால் சந்தேகமே வேண்டாம். தெருப் பெயர், கடைவீதிப் பெயர் எதுவும் வராது. நேயர் போன் வந்தாலும் அது எந்த நாளிலும் பொருந்துகிற உரையாடலாக இருக்கும்.

இது ஏன் இத்தனை வேகமாக நடந்தது என்பதற்கு உரிம விதிகளுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995 பிப்ரவரியில். தனியார் பண்பலைக்கான முதல் கட்டக் கொள்கை வந்தது 1999-இல். அப்போது உரிமக் கட்டணம் நிலையான தொகை, ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். ஏலத்தில் ஆசையாக எடுத்தவர்களில் பலர் தொடங்காமலே கைவிட்டார்கள். 2005-இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை இதை மாற்றி, ஒரு முறை நுழைவுத் தொகை, பிறகு வருமானத்தில் 4 சதவீதம் என்று வைத்தது; அதற்கும் ஒரு குறைந்தபட்ச வரம்பு உண்டு. சென்னை, கோவை மாதிரி ஊர்களைத் தாண்டி மதுரை, திருச்சி, தூத்துக்குடி வரை தனியார் பண்பலை பரவியது இதனால்தான். உங்கள் ஊர் நிலையமும் அந்த அலையில் வந்ததாகவே இருக்கும்.

அந்த இரண்டாம் கட்டக் கொள்கையில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்பும் ஏற்பாட்டை, அதாவது நெட்வொர்க்கிங்கை, ஒரே மண்டலத்துக்குள் இருக்கும் சி, டி வகை ஊர்களுக்கு மட்டுமே அனுமதித்தார்கள். மக்கள்தொகை மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருந்தால் சி, அதற்குக் கீழே டி. சென்னை ஸ்டுடியோவில் செய்வதை அப்படியே தூக்கிச் சின்ன ஊரில் போட வழி இல்லை. 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை இந்தக் கட்டை எடுத்துவிட்டது. ஒரு நிறுவனம் தன் சொந்த நிலையங்களுக்குள், நாடு முழுவதும், எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் நெட்வொர்க் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. நீங்கள் கேட்கும் சென்னைக் குரலுக்குக் கதவைத் திறந்துவிட்ட வரி இதுதான். சின்ன ஊர்களுக்கு நிறுவனங்கள் வர வேண்டும், அவற்றுக்குச் செலவு கட்டுப்படியாக வேண்டும் என்று அதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். புதிதாகத் தொடங்கும் ஊருக்கு அந்த நியாயத்தை நானும் ஒப்புக்கொள்வேன். ஏற்கெனவே இருபது பேரோடு ஓடிக்கொண்டிருந்த நிலையத்துக்கும் அதே சலுகையைக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய உரிமதாரர்கள் 2015 ஏப்ரல் முதல் மூன்றாம் கட்டத்துக்கு மாறினார்கள். பதினைந்து வருட உரிமம், அதற்கென்று தனியாக ஒரு பெருந்தொகை. ஆண்டுக் கட்டணம் மொத்த வருமானத்தில் 4 சதவீதம், அல்லது அந்த ஊருக்கான நுழைவுத் தொகையில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அது. "எது அதிகமோ" என்ற சொல்தான் சின்ன ஊர்களில் கழுத்தை நெரித்தது. விளம்பரம் பாதியாகக் குறைந்த வருடத்திலும் இந்தத் தொகை ஓரளவுக்குக் கீழே இறங்காது. கோபுர வாடகையும் அப்படியே. மின்சாரமும் அப்படியே, பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பி இழுக்கும் யூனிட் ஒன்றுதான். பாடல்களுக்கான ராயல்டி 2010-இல் பதிப்புரிமை வாரியம் போட்ட உத்தரவுப்படி நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதமாக இருந்தது. 2020 டிசம்பர் 31 அன்று வந்த தீர்ப்பாய உத்தரவு அதை மணிக்கணக்கிலான தொகையாக மாற்றியது. கொரோனாவால் நகைக்கடை, ஜவுளிக்கடை, பள்ளிக்கூட விளம்பரங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த வருடத்தின் கடைசி நாள் அது.

வருடக் கணக்கில் மாவட்ட நிலையத்தின் வரவு செலவுத் தாளைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன எதையும் ஸ்டேஷன் ஹெட்டால் தொட முடியாது. அவர் கைக்கு எட்டுவது சம்பளம் என்ற ஒரே ஒரு வரி. 2020 ஏப்ரலிலிருந்து அந்த வரியில்தான் எல்லா வெட்டும் விழுந்தது. நான் இருந்த நிலையத்தில் முதலில் போனவர் எழுத்தாளர், அடுத்து இரவு நிகழ்ச்சி ஆர்.ஜே., பிறகு மதியம். விளம்பரம் ஓரளவு திரும்பி வந்த பிறகும் அந்த இடங்களை யாரும் நிரப்பவில்லை. ஆள் இல்லாமலும் நிலையம் ஓடுகிறதே என்பது அதற்குள் நிரூபணமாகிவிட்டிருந்தது.

நேயர்களுக்குப் பேச்சு பிடிக்கவில்லை என்ற வாதத்துக்குத் திரும்புகிறேன். அதற்கு ஆதாரம் என்ன? தொலைக்காட்சிக்கு இருப்பதுபோல வானொலிக்கு வாராவாரம் நேயர் கணக்கெடுப்பு ஒன்று 2007-இல் தொடங்கியது. அது நடந்தது டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில். சென்னைகூட அதில் கிடையாது, ஈரோட்டுக்கும் தூத்துக்குடிக்கும் எங்கே போவது? மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊரில் எத்தனை பெண்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எஃப்.எம். வைத்திருந்தார்கள் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு போன் மணி. அது நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

பாட்டை மட்டும் நம்புவது வியாபார ரீதியாகவும் தப்பு என்பது என் எண்ணம். பாட்டு இன்று எல்லார் கைபேசியிலும் இருக்கிறது, விரும்பிய வரிசையில், விளம்பரம் இல்லாமல்கூட. அதோடு போட்டியிட ஒரு மாவட்டப் பண்பலையிடம் இருந்த ஒரே சரக்கு அந்த ஊரைப் பற்றிய பேச்சு. அதை வெட்டிவிட்டு, போட்டியாளர் எதில் பலசாலியோ அதையே தானும் விற்கப் போனார்கள்.

பேச்சிலும் ஒரு கை கட்டப்பட்டுத்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, விளையாட்டு, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, குடிநீர் மின்சார அறிவிப்பு, மாவட்ட நிர்வாகம் தரும் பேரிடர்த் தகவல் ஆகியவற்றைச் செய்தி அல்ல என்று மூன்றாம் கட்டக் கொள்கை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நாங்கள் சொல்லலாம். மழைநீர் வடிகால் பணி ஏன் பாதியில் நிற்கிறது என்று நகராட்சியைக் கேட்டு ஒலிபரப்ப முடியாது. இத்தனைக்கும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் யூடியூபும் தினமும் அதைச் செய்துகொண்டிருக்கின்றன. மணிக்கு பத்து நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்வும் தர அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆண்டுக் கட்டணத்தை நுழைவுத் தொகையிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்றும் அதே அறிக்கையில் சொன்னது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், மாவட்ட நிலையங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நிருபரையாவது வேலைக்கு வைக்கக் காரணம் கிடைக்கும்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 பண்பலைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. திண்டுக்கல், கரூர், காரைக்குடி மாதிரி தமிழ்நாட்டு ஊர்களும் பட்டியலில் உண்டு. இந்தப் புதிய ஊர்களுக்குக் கட்டணம் வருமானத்தில் 4 சதவீதம் மட்டும். "எது அதிகமோ" இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனாலும் நெட்வொர்க்கிங் விதி இப்படியே இருக்கும்வரை எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ஒலிபரப்பி வைத்த அறை, அதற்கு ஒரு காவலாளி, விளம்பரம் பிடிக்க இரண்டு பேர் என்று முடிந்துவிடுமோ என்பதுதான் அது.

ஆகாசவாணியில் நடப்பது வேறு மாதிரிக் கதை. அங்கே லாபக் கணக்கு இல்லை, ஆனாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் நடந்தது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கியது. இந்த இரண்டுக்காகவும் நாம் பெருமைப்படலாம். பெரிய நிலையம் மாநிலத்துக்குப் பேசட்டும், சின்ன நிலையம் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மக்களிடம் போகட்டும் என்பதுதான் உள்ளூர் நிலையத்தின் கருத்து. ரப்பர்த் தோட்டத்தில், கட்டுமரத்தில், சந்தையில் ஆட்களைப் பேசவைத்து, அவர்கள் குரலிலேயே ஒலிபரப்புவது. இதற்கு ஸ்டுடியோவில் இருப்பவர்களைவிட வெளியில் அலைபவர்கள் அதிகம் தேவை. கொடைக்கானல் மலை மேலிருந்து பல மாவட்டங்களுக்குக் கேட்கும் கோடை பண்பலை 100.5, தனியாருக்கு முன்பே நேயர்களோடு நெருங்கிப் பேசும் பாணியைப் பழக்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தனியாரில் எங்களோடு சேர்ந்தவர்களில் பலர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பிரசார் பாரதி 1997-இல் உருவானதிலிருந்து நிகழ்ச்சிப் பிரிவில் முறையான ஆளெடுப்பு அத்தி பூத்தாற்போலத்தான் நடந்திருக்கிறது. ஓய்வு பெறுபவர்களின் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே போயின. அந்த இடத்தை இட்டு நிரப்புபவர்கள் கேஷுவல் அறிவிப்பாளர்கள். நான் இருந்தபோது மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் கிடையாது, இன்றும் விதி அதுதான். ஆறு டியூட்டியில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே ஆசிரியர், எல்ஐசி முகவர், கடைக்காரர் என்று எல்லாரும் இன்னொரு தொழிலோடுதான் வருவார்கள். இருபது வருடம், இருபத்தைந்து வருடம் இப்படியே வந்துகொண்டிருக்கிற அண்ணன்களையும் அக்காக்களையும் எனக்குத் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு நிலையத்தைத் திறந்து, அன்றைய நிகழ்ச்சி வரிசை எழுதிய கியூ ஷீட்டைச் சரிபார்த்து, ஒரு நொடி பிசகாமல் டெல்லி ஒலிபரப்புக்கு மாறுவார்கள். அவர்கள் வானொலியின் ஊழியர்கள் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. பணி நிரந்தரம் கேட்டு நாடு முழுவதும் வழக்குகள் நடந்தன. அந்த வழக்குகளுக்காக அலைந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆகாசவாணியில் அஞ்சல் என்றால் வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்புவது. ஆள் குறையக் குறைய அஞ்சல் நேரம் கூடும். அங்கே வடிவ மாற்றம் என்பது பெரும்பாலும் இதுதான். 2019 ஜனவரியில் தேசிய அலைவரிசையை நிறுத்தியபோது, திருவனந்தபுரம் உட்பட ஐந்து ஊர்களில் இருந்த வட்டாரப் பயிற்சி நிலையங்களையும் மூடினார்கள். அலைவரிசை போனதைப் பலர் எழுதினார்கள், பயிற்சி நிலையம் போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பாகப் பட்டது.

2023 ஏப்ரல் 28 அன்று 84 மாவட்டங்களில் 91 பண்பலை ஒலிபரப்பிகளைப் பிரதமர் ஒரே நாளில் தொடங்கிவைத்தார். ஒவ்வொன்றும் 100 வாட். ஒலி எட்டாத இடத்துக்கு ஒலியைக் கொண்டுபோவது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவை அஞ்சல் ஒலிபரப்பிகள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்டுடியோ கிடையாது, அறிவிப்பாளர் கிடையாது. பத்திரிகையில் "புதிய வானொலி நிலையம்" என்று படித்தால், அங்கே மைக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மைக்குக்குப் பின்னால் ஆள் இருப்பது எதற்கு முக்கியம் என்பதற்கு என் வாழ்க்கையில் நடந்த ஒன்று. வடகிழக்குப் பருவமழைக் காலம், இரவு பதினொன்றரை. ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. ஊரின் கிழக்குப் பகுதியில் சனங்கள் கைக்குழந்தைகளோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். பழைய நேயர் ஒருவர், பூக்கடை வைத்திருக்கும் அக்கா, என் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். "தம்பி, எஃப்.எம். போட்டுப் பார்த்தேன், காதல் பாட்டு ஓடுது. நீங்க ஒருத்தராவது உண்மை என்னன்னு சொல்லுங்க." அன்றிரவு நிலையத்தில் ஆள் இல்லை. மாலை ஏழு மணிக்கே கணினியிடம் ஒப்படைத்துவிட்டு எல்லாரும் போயிருந்தோம். மழையில் வண்டி எடுத்துக்கொண்டு போய், காவலாளியை எழுப்பி, சாவி வாங்கி, கணினியில் ஓடிக்கொண்டிருந்த லாக்கை நிறுத்தி, பொதுப்பணித் துறைப் பொறியாளரைப் பிடித்து, கரை உடையவில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணி நேரம் இருபது நிமிடம் தாமதம். இரண்டு வருடம் முன்பாக இருந்தால் இரவு ஆர்.ஜே. ஐந்து நிமிடத்தில் செய்திருப்பார். லாக்கை அனுமதியில்லாமல் நிறுத்தியதற்கு மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. நான் ரேடியோவை விட்டு வெளியே வர அதுவும் ஒரு காரணம்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1996-இல் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையம் வைத்திருக்கலாம் என்ற நாடு தழுவிய வரம்பை எடுத்தார்கள். ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. 2002 ஜனவரி 18 அதிகாலையில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா பரவியது. ஊரின் வணிக வானொலிகளில் ஆறு அந்த நிறுவனத்தின் கையில். காவல்துறை கூப்பிட்டபோது நிலையத்தில் யாரும் போன் எடுக்கவில்லை. அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தாதது யார் தவறு என்று இரு தரப்பும் பிறகு வாதிட்டன. அந்த வாதத்தில் யார் ஜெயித்தாலும், கடுங்குளிரில் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் குரல் கிடைக்கவில்லை. பிரிட்டனில் 2018-இல் வணிகப் பண்பலைகள் பகலில் தர வேண்டிய உள்ளூர் நிகழ்ச்சி நேரத்தை ஏழு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாகக் குறைத்தார்கள். அடுத்த வருடமே பெரிய நிறுவனம் ஒன்று தன் உள்ளூர்க் காலை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு லண்டனிலிருந்து ஒன்றையே எல்லா ஊருக்கும் கொடுத்தது.

செயற்கை நுண்ணறிவு ஆர்.ஜே. பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் தங்கை கேட்பாள். போலந்தில் கிராக்கோவ் நகரத்தின் பொது வானொலி ஒன்று 2024 அக்டோபரில் ஆட்களை விலக்கிவிட்டு மூன்று செயற்கைத் தொகுப்பாளர்களை உட்கார வைத்தது. இறந்துபோன நோபல் கவிஞர் ஷிம்போர்ஸ்காவைப் "பேட்டி" எடுத்ததாகவும் ஒலிபரப்பியது. மக்கள் கொந்தளித்தார்கள், ஒரு வாரத்தில் கைவிட்டார்கள். குரலை இயந்திரம் செய்துவிடும். பூக்கடை அக்காவின் போனை எடுத்து, பொறியாளரை எழுப்பி, நம்பலாமா கூடாதா என்று முடிவெடுக்க இன்னும் ஆள்தான் வேண்டும்.

இது திரும்ப மாறுமா என்றால், மாற ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2015-இல் மாறிய உரிமங்கள் 2030 மார்ச்சோடு முடிகின்றன. அடுத்த கொள்கைக்கான கலந்தாய்வு அதற்கு முன்பே வந்தாக வேண்டும். டிராய் எப்போதும் பொதுமக்களிடம் எழுத்துபூர்வமாகக் கருத்துக் கேட்கும். அதில் நிறுவனங்கள் எழுதும், நேயர்கள் எழுதுவதே இல்லை. கட்டணத்தைக் குறையுங்கள், செய்திக்கு அனுமதி கொடுங்கள், பதிலுக்கு ஒவ்வொரு ஊரிலும் இத்தனை மணி நேரம் அந்த ஊர் ஸ்டுடியோவில் ஆள் உட்கார்ந்து நேரலை செய்ய வேண்டும், பேரிடர் நேரத்தில் இரவிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சலுகையையும் நிபந்தனையையும் சேர்த்தே கேட்க வேண்டும். சலுகை மட்டும் கொடுத்தால் அது எங்கே போகும் என்று பார்த்துவிட்டோம்.

தங்கை விஷயம். அனுப்புங்கள், ஆனால் "ஆர்.ஜே. ஆகப்போகிறேன்" என்று மட்டும் அனுப்பாதீர்கள். இன்று மாவட்ட நிலையத்தில் எடுப்பது ஒரே ஆளைத்தான். அவரே பேச வேண்டும், எழுத வேண்டும், ஒலித்தொகுப்பு செய்ய வேண்டும், கடைத் திறப்பு விழாவுக்குப் போய் மைக் பிடிக்க வேண்டும், ரீல்ஸும் எடுக்க வேண்டும். ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றை இப்போதே கைப்பழக்கமாக்கிக்கொள்ளட்டும். பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால் ஆறு மாதம் அங்கே போய் வேலை செய்யட்டும். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 90.4 இருக்கிறது, கடலில் காற்று எப்படி என்று மீனவர்களோடு மீனவப் பேச்சில் பேசுகிற நிலையம். சம்பளம் குறைவு, ஆனால் மக்களோடு உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யும் வேலை இன்று அங்கேதான் ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கிறது. ஆகாசவாணி கேஷுவல் தேர்வு அறிவித்தால் தவறாமல் எழுதட்டும். அதை மட்டும் நம்பி வேறு வேலையை விட்டுவிட வேண்டாம். அங்கே கிடைக்கும் உச்சரிப்புப் பயிற்சியும் நேர ஒழுங்கும் வேறெங்கும் கிடைக்காது, எனக்கு ஆயுசுக்கும் உதவியது.

டெமோ கேட்பார்கள், மூன்று நிமிடம். வழக்கமாக எல்லாரும் ஏதோ ஒரு வானொலிக் குரலை நகல் எடுத்துக் காதலைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசி அனுப்புவார்கள். உங்கள் தங்கை காலை ஆறு மணிக்கு உங்கள் ஊர்க் காய்கறிச் சந்தைக்குப் போய், அன்றைக்குத் தக்காளி என்ன விலை, ஏன் ஏறியது என்று இரண்டு வியாபாரிகளிடம் கேட்டுப் பதிவுசெய்து, நடுவில் தன் குரலில் நான்கு வரி பேசி அனுப்பட்டும். வேண்டுமானால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுத் திருத்தம் இருந்தால் எழுதுகிறேன்.